நிலப்பனைக்கு வந்த நோட்டீஸ்

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

அவசரப்படாதீர்கள். என்னைக் கட்டிக்கொண்ட வீட்டுக்காரர் இல்லை. அவரிடம் அதையெல்லாம் எதிர்பார்க்கும் கட்டத்தை நான் தாண்டிப் பல வருஷமாகிறது. நான் சொல்வது, ராயபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் ஓனரை. குடியிருப்பவர்கள் ஓனரிடம் மன்னிப்புக் கேட்டு நிறையப் பார்த்திருக்கிறேன். ஓனரே வந்து, "என் மேலதாம்மா தப்பு" என்று சொல்லி நீங்கள் எங்காவது கேள்விப்பட்டதுண்டா?

அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. திங்கட்கிழமை காலை ஆபீசில் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது.

எது உறுத்தியது என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பின்னால் என்றால், எங்கள் வீட்டின் பின்பக்கம்.

அங்கே நாலு கட்டில் போடுகிற அளவுக்கு ஓர் இடம். நடுவில் ஒரு வாதா மரம். ஒவ்வோர் இலையும் சின்னத் தட்டு அளவு. கிளைகள் அடுக்கடுக்காய்ப் பரப்பிக்கொண்டு வெயிலை மேலேயே தடுத்து நிறுத்திவிடும். கத்திரி வெயிலில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக்கூட அங்கே உட்கார்ந்து துணி துவைக்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த நிழலில் ஒரு பச்சை முளைக்க வேண்டுமே... துளசி வைத்தேன். ஒரு முழம் வளர்ந்து, வெயிலைத் தேடிச் சுவர்ப்பக்கம் சாய்ந்து, செத்தது. கனகாம்பரம் வைத்தேன். இலை விட்டது, பூக்கவில்லை. ரோஜாவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மிச்சம் வெறும் தரை. மழை பெய்தால் சேறு. காய்ந்தால் புழுதி. ஹார்பர் பக்கமிருந்து வருகிற கரித்தூளும் சேர்ந்துகொள்வதால் அது கறுப்புப் புழுதி. பின்வாசலில் கால் வைத்துவிட்டு உள்ளே வந்தால் ஹால் முழுக்கக் கால்தடம். "சிமென்ட் போட்டுடலாம்" என்பார் என் வீட்டுக்காரர். சிமென்டுக்கு பர்மிட் வாங்க அலைய வேண்டுமே என்று நான் கேட்டால், பேப்பரை எடுத்துக்கொள்வார்.

அவர் ரயில்வேயில் கூட்ஸ் கார்டு. தண்டையார்பேட்டையிலிருந்து ரேணிகுண்டா வரை போய்வருகிற டியூட்டி. கூட்ஸ் கார்டு வேலை என்றால் பாதி நேரம் நிற்கிற வேலை என்று உங்களுக்குத் தெரியுமா? மெயிலுக்கு வழி விட வேண்டும், எக்ஸ்பிரசுக்கு வழி விட வேண்டும், சமயத்தில் சும்மாவே நிற்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் அப்படி நின்றது வண்டி. புத்தூர் தாண்டி, மலையடிவாரக் காட்டை ஒட்டி. இவர் இறங்கி மரத்தடிக்குப் போயிருக்கிறார். எதற்குப் போனார் என்பது நமக்கு வேண்டாம்.

அங்கே அடர்ந்த நிழலில், தரை தெரியாமல் ஒரு செடி. ஒரு சாண் உயரம். பனங்கன்றின் இலை மாதிரியே நீளமாய், மடிப்பு மடிப்பாய் இலைகள். அடியில், மண்ணோடு மண்ணாக, நட்சத்திரம் நட்சத்திரமாய் மஞ்சள் பூ. லைன் பார்க்கிற கேங்மேனைக் கேட்டதற்கு, "நிலப்பனை சார். கிழங்கு மருந்துக்கு ஆகும்" என்றிருக்கிறார்.

வெயிலே படாத இடத்தில் இவ்வளவு செழிப்பா என்று இவருக்கு எங்கள் வாதா மரம் ஞாபகம் வந்திருக்கிறது. பத்துக் கிழங்கைத் தோண்டி டிபன் கேரியரில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் டியூட்டியிலிருந்து எனக்கென்று அவர் கொண்டுவந்த முதல் பொருள். ரசம் வைத்த அடுக்கில் மண் போக நான் நாலு நாள் தேய்த்தேன். அது வேறு கதை.

வாரா வாரம் நான் எழுதும் பத்தியில் இந்தச் செடியைப் பற்றிப் படித்துவிட்டு, எப்படி வளர்த்தேன் என்று கேட்டு நிறையப் பேர் கடிதம் போட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். கிழங்கை நிமிர்த்தி, ஒரு விரல் ஆழத்தில் நடுங்கள். ஒரு சாணுக்கு ஒன்று. மரத்தடி இலைகளை மக்கவைத்து மேலே தூவுங்கள். உரம் வாங்க வேண்டியதில்லை, மரமே கூடை கூடையாய்க் கொட்டுகிறது. தண்ணீர் தேங்கக் கூடாது. அவ்வளவுதான், பிறகு அதுவே பார்த்துக்கொள்ளும். இலை நீண்டு வளைந்து, நுனி மண்ணைத் தொட்டால், தொட்ட இடத்தில் வேர் விட்டு ஒரு குட்டிச் செடி. அந்தக் குட்டி தன் இலையை நீட்டி அடுத்த இடத்தைத் தொடும். அவசரமே இல்லாமல் நடந்து நடந்து, போன கார்த்திகைக்குள் மரத்தடி முழுவதையும் மூடிவிட்டது.

சேறு போயிற்று. புழுதி போயிற்று. காலையில் பீச் ஸ்டேஷன் ரயிலுக்கு ஓடுவதற்கு முன்னால் பத்து நிமிஷம், காபி டம்ளரோடு பின்வாசல் படியில் உட்காருவேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது — எனக்கென்று ஒரு காடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டேன். வாடகை வீட்டில், ஊரான் மரத்தடியில், எனக்கு ஒரு காடு.

அந்தப் பெருமையில்தான் போன தை மாதம் இந்தப் பக்கத்தில் எழுதினேன். ஞாபகம் இருக்கிறதா? 'ராயபுரத்தில் என் பனங்காடு' என்று தலைப்பு. கடைசி வரி இப்படி: 'நட்டவள் போனாலும் நட்டது போகாது. இனி இந்த மண்ணைவிட்டு எங்களை அசைக்க யாரால் முடியும்?'

வாரா வாரம் எழுதுகிறவர்கள் கடைசி வரியில் கொஞ்சம் ஆடிவிடுவது உண்டு. யார் அதை நெஞ்சில் வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

எங்கள் ஓனர் வைத்துக்கொண்டார்.

அவர் பெயர் லூர்துசாமி. பேட்டையில் எல்லோருக்கும் நைனா. ஹார்பரில் லாஞ்சு ஓட்டி ரிட்டயர் ஆனவர். மனைவி இல்லை. இரண்டு தெரு தள்ளி, தம்பி வீட்டு மாடியில் மகள் ஜெசிந்தாவோடு ஒற்றை அறையில் இருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஜெசிந்தா ஸ்கூல் டீச்சர். அவள் வாரா வாரம் என் பத்தியை உரக்க வாசிக்க, அவர் கேட்பார். வாடகை வாங்க வரும்போது வாசலில் நின்றபடியே விமர்சனமும் சொல்வார். "இந்த வாரம் சுமாராதான் கீதும்மா. சிரிப்பே வர்ல." என் பத்திரிகை ஆசிரியர்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஜெசிந்தாவுக்கு இருபத்தெட்டு வயது. போன வருஷமே மாப்பிள்ளை பேசி முடித்தாயிற்று. ஹார்பரில் கிரேன் ஓட்டுகிற பையன். வரதட்சணை, நகை என்று ஒன்றும் கேட்கவில்லை. குடித்தனம் வைக்க நாங்கள் குடியிருக்கும் இந்த வீடு கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்கள். அவர்கள் வீட்டில் ஏற்கெனவே பதினோரு பேர். நைனா என்னிடம் மூன்று தடவை நாசூக்காகச் சொன்னார். நானும் மூன்று தடவை நாசூக்காகவே, "பாத்துக்கிட்டே இருக்கோம் நைனா" என்றேன்.

இந்த நிலைமையில்தான் என் பனங்காட்டை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள் அவருடைய மகள்.

யோசித்துப் பாருங்கள். வாடகை வீட்டில் கீரை விதைத்தால் ஓனருக்குக் கவலையில்லை, ஒரு மாதக் கணக்கு. முருங்கை நட்டால் லேசாகப் புருவம் ஏறும். பனை? 'தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்' என்பது ஊர்ப்பேச்சு. காலி செய்யச் சொல்லி மூன்று தடவை கேட்ட வீட்டில், ஒருத்தி பனங்காடே வைக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? போதாக்குறைக்கு நான் தூத்துக்குடிக்காரி, பனைச் சீமைக்காரி.

மாசி வாடகைக்கு நைனா வரவில்லை. தம்பியை அனுப்பினார். பங்குனிக்கும் அப்படியே. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். சித்திரையில் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

இங்கிலீஷ் நோட்டீஸ். குடியிருப்பவர், சொத்தில் நிரந்தர உரிமை கொண்டாடும் கெட்ட எண்ணத்தோடு, ஓனருக்குத் தெரியாமல் பனந்தோப்பு வைத்திருப்பதாகவும், முப்பது நாளில் காலி செய்ய வேண்டும் என்றும் இருந்தது. பனைக்கு இங்கிலீஷான 'பால்மைரா' என்ற சொல்லை மூன்று இடத்தில் மூன்று விதமாக டைப் அடித்திருந்தார்கள். நான் டைப்பிஸ்ட். எனக்கு முதலில் அதுதான் வலித்தது. பின்னால் ஒரு காகிதம் குத்தியிருந்தது. என் பத்தி. கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு.

"பனங்காடுன்னு நீதானே எழுதின?" என்றார் என் வீட்டுக்காரர். பேப்பரை எடுத்துக்கொண்டார்.

நேராகப் போய் நைனாவைக் கூட்டிவந்தேன். "கண்ணால பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன். எங்கள் பின்பக்கத்துக்கு வீட்டுக்குள் புகுந்துதான் போக வேண்டும். என் வீட்டுக்காரர் பாதி நாள் டியூட்டியில் இருப்பதால் நைனா மரியாதைக்கு வாசலோடு நின்றுவிடுவார். இத்தனை வருஷத்தில் பின்பக்கம் அவர் வந்தது அன்றுதான்.

வந்து பார்த்தார். தரை மொட்டையாக இருந்தது.

உங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். நிலப்பனை கோடையில் தூங்கும். தண்ணீர் காட்டினால் விழித்திருக்குமாம். இந்த வருஷம் குடிதண்ணீருக்கே குழாயடியில் குடம் உருண்டது. காட்டுக்கு யார் ஊற்றுவது? பங்குனியிலேயே இலைகள் பழுத்து, காய்ந்து, சருகாகி, பெருக்கித் தள்ளியாயிற்று. அடுத்த மழை வரும்வரை எல்லாம் மண்ணுக்குள். நோட்டீஸ் வந்த பதற்றத்தில் எனக்கே இது மறந்துபோயிருந்தது.

"எங்கேம்மா காடு?"

"உள்ளே இருக்கு நைனா. தூங்குது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செடி தூங்குதா? யாருக்குமா கதெ சொல்ற? நோட்டீஸ் வந்ததும் மேல வெட்டிப்புட்டு, வேரை உள்ள வுட்டு வெச்சிகினு கீற."

பக்கத்தில் கிடந்த குச்சியால் மண்ணைக் கிளறினார். இரண்டு விரல் ஆழத்தில் கறுப்பாக, நீளமாக, நேராக ஒரு கிழங்கு வந்தது.

"இது இன்னாது?"

"கிழங்கு."

"அதான் தெரியுதே. இன்னா கிழங்கு?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நிலப்பனைக் கிழங்கு" என்றேன்.

"தோ... நீயே சொல்ட்ட. பனங்கெழங்கு." 

பனங்கொட்டையை மண்ணில் புதைத்தால் மேலே ஒன்றும் தெரியாமல் கீழே கிழங்கு இறங்கும் என்பது தெருவில் கிழங்கு வாங்கித் தின்கிற எல்லோருக்கும் தெரியும். நான் எதைச் சொன்னாலும் அது பனையிலேயே போய் முட்டியது. கிழங்கைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நைனா போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் ஜெசிந்தா வந்தாள். "அக்கா, கிழங்கை நாட்டுமருந்துக் கடையில காட்டினோம். கடைக்காரர் பார்த்ததுமே, 'இது நிலப்பனைங்க'ன்னு சொல்லிட்டார்."

"அப்பாடா" என்றேன்.

"இல்லக்கா. 'பாத்தியா, கடைக்காரனே பனைன்னு சொல்லிட்டான்'னு நைனா அங்கேயே ஆரம்பிச்சுட்டார்."

"நீ எடுத்துச் சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே. 'உனக்கு உன் கல்யாணத்தவிட அந்தம்மா எழுத்துதான் பெருசா பூட்ச்சி'ன்னு திட்டு." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "மூணு தடவை தேதி மாத்தியாச்சு அக்கா. அவங்க வீட்ல இப்ப எங்களை நம்பவே மாட்டேங்கறாங்க." பிறகு மொட்டைத் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "இது நிஜமாவே திரும்பி வருமா?"

"மழை வரட்டும். வரும்."

"வந்தா நல்லாருக்கும்" என்றாள். தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட செடி உயிரோடு வர வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதை நான் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை. என் கவலை எனக்கு.

ஆடி பாதியில் மூன்று நாள் நல்ல மழை. முப்பது நாள் கெடு எப்போதோ முடிந்து, நைனாவின் வக்கீல் கேஸ் போடத் தயாராகிக்கொண்டிருந்தார். நாலாம் நாள் காலை பின்வாசலைத் திறந்தால், மண்ணைப் பிளந்துகொண்டு ஊசி ஊசியாய்ப் பச்சை. பத்து நாளில் இலை விரிந்தது. ஆவணி பிறந்ததும் பூ. நான் போய்க் கூப்பிடவில்லை. ரோஷம். ஜெசிந்தாதான் சொல்லியிருக்க வேண்டும். போன ஞாயிறு பூசை முடிந்ததும், வெள்ளை வேட்டியோடு நைனா வந்து நின்றார்.

நேராகப் பின்பக்கம் போனார். குனிந்தார். ஓர் இலையைக் கையில் எடுத்து முதுகும் வயிறுமாகத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் எவ்ளோ ஒசரம் போவும்?"

"இவ்வளவுதான் நைனா. முழங்காலுக்குக்கூட வராது."

"இந்தப் பூ?"

"அதுவும் தரையோடதான்."

துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "என் மேலதாம்மா தப்பு. படா பேஜாரு பண்ட்டேன் உனக்கு. பனைன்னு கேட்டதும் பயந்துட்டேன். நீ சாவுற வரிக்கும் காலி பண்ண மாட்டேன்னு நென்ச்சிட்டேன். வக்கீலாண்ட சொல்லி நோட்டீஸக் கிழிக்கச் சொல்ட்டேன். எத்தினி நாளு வோணும்னாலும் இரு. ஜெசிந்தாக்கு வேற எடம் பாத்துக்கிறேன்."

அவருக்குக் காபி கொடுத்தேன். வென்றுவிட்ட சந்தோஷத்தில் சர்க்கரை ஒரு ஸ்பூன் தூக்கலாகவே போட்டேன்.

இனி திங்கட்கிழமைக்கு வருகிறேன். ஒரு லெட்டரில் மூன்று தப்பு விட்டேன். மானேஜர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். 'நீ சாவுற வரிக்கும் காலி பண்ண மாட்டேன்னு நென்ச்சிட்டேன்' — அந்த வாக்கியம் விரலுக்கும் டைப்ரைட்டர் கீக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நைனா எதில் தப்பு செய்தார்? செடியைத் தப்பாக நினைத்தார். என்னை?

வீடு பார்த்துக்கொண்டே இருக்கிறோம் என்றேனே — ஒரு வீடு பார்த்தோமா? பார்க்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. தண்டையார்பேட்டையில் ரயில்வே குவார்ட்டர்ஸ் இவருக்கு இரண்டு தடவை வந்தது. 'தண்ணீர் வசதி போதாது' என்று இரண்டு தடவையும் மறுத்து எழுதிக்கொடுக்கச் சொன்னது யார்? நான். அந்த லெட்டர்களை டைப் அடித்தது யார்? அதுவும் நான்தான். ஒரு தப்புகூட இல்லாமல்.

பனை வைத்தவளுக்கு இருக்க வேண்டிய எண்ணம் அத்தனையும் எனக்கு இருந்தது. பனைதான் இல்லை. படிக்காத மனுஷர், என் பத்தியை என்னைவிடச் சரியாகப் படித்திருக்கிறார். அப்படிப்பட்டவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க, நான் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டேன். அன்று எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். "குவார்ட்டர்ஸுக்கு மறுபடி எழுதிப் போடலாங்க."

பேப்பரை இறக்காமலே, "போட்டாச்சு" என்றார்.

"எப்போ?"

"நோட்டீஸ் வந்த அன்னிக்கே. கையால எழுதினேன். ஐப்பசில கிடைக்கும்னு போன வாரம் ஆபீஸ்ல சொன்னாங்க." 

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா டைப் அடிச்சு வேண்டாம்னு எழுதிடுவியே."

இந்த மனிதருக்குப் பேசத் தெரியாது என்று பதினைந்து வருஷமாக எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நைனா வீட்டு மாடி ஏறினேன். ஜெசிந்தா நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். அறை நடுவில் ஒரு புடவையைக் குறுக்கே கட்டி, அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் மகள். இதையும் நான் அன்றுதான் பார்த்தேன்.

"ஐப்பசியில காலி பண்ணிடறோம் நைனா."

"நான்தான் இருக்கச் சொன்னேனே. கோச்சிகினியா?"

"கோபமில்லை. நீங்க நினைச்சது சரிதான். நான் காலி பண்ற எண்ணத்துலயே இல்லை."

நைனா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜெசிந்தாதான் கேட்டாள். "செடியை எடுத்துட்டுப் போயிடுவீங்களா அக்கா?"

"ரெண்டு கிழங்கு மட்டும். அங்கே எங்கேயாவது நிழல் இருக்கான்னு பார்க்கணும்."

"மிச்சத்தை நான் பார்த்துக்கறேன். கோடையில தூங்கும், அதுதானே?"

"பெருக்கறப்போ மட்டும் ஆழமாச் சீவிடாதே."

நைனா தொண்டையைக் கனைத்தார். "அப்ப இந்த ஞாயித்துக்கெழமையே கோயில்ல மொத ஓலை வாசிக்கச் சொல்லிடட்டா?" மகளைப் பார்த்துக் கேட்டார். ஜெசிந்தா தலை நிமிராமல் ஏற்கெனவே திருத்திய நோட்டையே மறுபடி திருத்தினாள்.

அவர்கள் கோயில் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று பூசையில் மூன்று ஞாயிறு அறிவிப்பார்கள். அதற்குப் பெயர் ஓலை. நீங்கள் இதைப் படிக்கிற நேரம் ஜெசிந்தாவின் முதல் ஓலை வாசித்தாகியிருக்கும்.

அது பனையே இல்லை என்று நான் எத்தனை பேரிடம் சத்தியம் செய்திருப்பேன்... பனை இல்லாமலா ஓலை வந்தது?